என் பெயர் எல்லாருக்கும் வந்துவிட்டது

கேள்வி: எனக்கு வயது 43. பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து வெளியிட வேண்டாம். (வெளியிட்டாலும் நான்தான் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. பிரச்சினையே அதுதான்.) சிறுவயதில் இந்தப் பெயரில் என்னைத் தவிர வேறு ஒருவரைப் பார்த்ததே இல்லை. வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர்கள் தடுமாறுவார்கள். 'என்ன பேரு? திரும்பச் சொல்லு' என்பார்கள். அப்போது வெறுப்பாக இருக்கும். வேலைக்குப் போன பிறகு அதுவே பெருமையாகிவிட்டது. பெயரை மட்டும் சொன்னால் போதும், யாரென்று எல்லாருக்கும் தெரியும். இப்போது சில வருடங்களாக எங்கே பார்த்தாலும் இந்தப் பெயர். பூங்காவில் ஒரு அம்மா மகளைக் கூப்பிட, நானும் மூன்று குழந்தைகளும் திரும்பிப் பார்த்தோம். பார்சல் கொண்டுவந்த பையன், 'பாப்பா பேருக்கு வந்திருக்கு, நீங்க கையெழுத்துப் போடுங்க' என்றான். இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடுவேன். ஆனால் என் தம்பி மனைவிக்கு இது ஏழாம் மாதம். பெண் பிறந்தால் இந்தப் பெயர்தான் என்று முடிவு செய்திருக்கிறார்கள். 'உங்களுக்காக எல்லாம் இல்ல அண்ணி, எங்களுக்கு இந்தப் பேரு ரொம்பப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்' என்றாள் அவள். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. அம்மாவிடம் சொன்னால், 'சந்தோஷப்படுறதை விட்டுட்டு இது என்ன?' என்கிறார். இனி வீட்டில் என் பெயருக்கு முன்னால் 'பெரிய' சேர்ந்துவிடுமோ? ஒரு பெயரை யாராவது சொந்தம் கொண்டாட முடியுமா? நான் அற்பமாக நடந்துகொள்கிறேனா? பேசாமல் பெயரையே மாற்றிக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்: அற்பம் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு வருத்தங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, ஊரெல்லாம் உங்கள் பெயர் பரவிவிட்டது. இன்னொன்று, தம்பி வீட்டிலும் அது வரப்போகிறது. முதலாவதை யாராலும் தடுக்க முடியாது. இரண்டாவதில் நீங்கள் வாய் திறக்கலாம், திறக்கவும் வேண்டும். சில வருடங்களாகச் சேர்த்துவைத்த எரிச்சலைத் தம்பி மனைவியின் தலையில் கொட்டிவிடாமல் இருக்க, இரண்டையும் முதலில் பிரித்துவிடுவோம்.

பெயர் என்னுடையது என்ற உணர்வு உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோசப் நட்டின் 1985இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். எழுத்துகளைக் காட்டி, பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மக்கள் தங்கள் பெயரில் வரும் எழுத்துகளையே அதிகம் எடுக்கிறார்கள். ஏன் அதை எடுத்தோம் என்று அவர்களுக்கே தெரிவதில்லை. பிறகு பல நாடுகளில், பல மொழிகளில் செய்து பார்த்தபோதும் இதே போக்குதான். தனி எழுத்து மேலேயே இவ்வளவு பாசம் இருக்கும்போது, முழுப் பெயரும் இன்னொருவர் வாயிலிருந்து வந்தால் சுருக்கென்று இருக்கத்தான் செய்யும்.

சட்டப்படி சொந்தம் கொண்டாட முடியுமா என்றால், முடியாது. பணமும் புகழும் இருப்பவர்களாலேயே முடியவில்லை. 2014இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கைலீ ஜென்னர் 'கைலீ' என்ற பெயரை அமெரிக்காவில் வணிக முத்திரையாகப் பதிய விண்ணப்பித்தார். பாடகி கைலீ மினோக் தரப்பு அதை எதிர்த்தது. அவர் அந்தப் பெயரோடு மேடையேறத் தொடங்கியபோது ஜென்னர் பிறக்கவே இல்லை. அந்தச் சண்டைகூட, வணிகத்துக்குப் பயன்படுத்தும் பெயரைப் பற்றியது மட்டுமே. யாரோ ஒரு தம்பதி தங்கள் மகளுக்கு கைலீ என்று வைத்தால், இரண்டு கைலீக்களும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சரி, இந்தப் பெயர் திடீரென்று எங்கிருந்து கிளம்பியது? யாரோ உங்களைப் பார்த்துக் காப்பியடித்ததாக நீங்கள் சந்தேகப்படலாம். அப்படி நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பிள்ளைக்குப் பெயர் தேடும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்கள். ரொம்பப் பொதுவாக இருக்கக் கூடாது, கேட்பவர் முகம் சுளிக்கும்படி விசித்திரமாகவும் இருக்கக் கூடாது, காதுக்கு இனிமையாக இருக்க வேண்டும். எல்லாரும் இதே சல்லடையில் சலித்தால் ஏறக்குறைய அதே பெயர்கள்தான் மிஞ்சும். அந்த வருடம் இன்னும் எத்தனை பேர் அதே பெயரை எடுத்தார்கள் என்பது, குழந்தை பள்ளிக்குப் போய் அங்கே இன்னும் இரண்டு பேரைச் சந்திக்கும்போதுதான் தெரியவரும். உங்கள் பெற்றோரும் 43 வருடத்துக்கு முன்னால் இதே சல்லடையைத்தான் பிடித்திருப்பார்கள். மற்றவர்கள் வந்து சேருவதற்கு முன்பே வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பெயரின் ஓசைக்கும் இதில் பங்கு உண்டு. பெரிய சேதம் விளைவித்த புயல்களுக்குப் பிறகு, அந்தப் புயலின் பெயர் தொடங்கும் அதே ஒலியில் தொடங்கும் வேறு பெயர்கள் குழந்தைகளுக்குக் கூடுதலாக வைக்கப்படுகின்றன என்று 2012இல் ஒரு ஆய்வு வந்தது. புயலைப் பிடித்துப்போய் யாரும் வைக்கவில்லை. அந்த ஒலி காதில் திரும்பத் திரும்ப விழுந்து பழகிவிட்டது. உங்கள் பெயரோடு சேர்ந்து ஒலிக்கிற, அதே மாதிரி முடிகிற நாலைந்து பெயர்களும் இப்போது பரவியிருக்குமே, கவனித்தீர்களா? அவை ஒரு கூட்டமாகத்தான் வரும், கூட்டமாகத்தான் போகும்.

நடிகையோ பாடகியோ பெயரைப் பரப்பிவிட்டார் என்று பழி போடுவதும் பல நேரம் தவறிப்போகிறது. பெயர்களின் போக்கை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே ஏறுமுகத்தில் இருக்கும் பெயரில்தான் பிரபலங்கள் வந்து ஏறிக்கொள்கிறார்கள். இறங்குமுகத்தில் இருக்கும் பெயரை எவ்வளவு பெரிய நட்சத்திரத்தாலும் தூக்கி நிறுத்த முடிவதில்லை. அமெரிக்காவில் மர்லின் என்ற பெயர் 1930களிலேயே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. மர்லின் மன்றோ உலகப் புகழ் பெற்றது 1950களில். அந்தப் புகழும் பெயரின் இறக்கத்தை நிறுத்தவில்லை.

'எங்கே பார்த்தாலும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதி உங்கள் காதின் வேலை. 1959இல் நெவில் மோரே என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். இரண்டு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஓடவிட்டு, ஒரு காதில் விழுவதை மட்டும் திருப்பிச் சொல்லச் சொன்னார். மற்ற காதில் சில சொற்களை 35 முறை ஓடவிட்டும் அவை ஒருவர் மனதிலும் தங்கவில்லை. ஆனால் அதே காதில் அவர்களுடைய சொந்தப் பெயர் வந்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பூங்காவில் அன்று எத்தனையோ பெயர்கள் கூப்பிடப்பட்டிருக்கும். உங்களுக்குக் கேட்டது ஒன்றுதான்.

எண்ணிக்கையும் உங்கள் பயத்துக்கு ஒத்துவரவில்லை. பெயர்க் கணக்கை விரிவாக வெளியிடும் நாடுகளில் ஒன்று அமெரிக்கா. அங்கே 1880இல் பிறந்தவர்களிலிருந்து பட்டியல் கிடைக்கிறது. 1880இல் ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கு ஜான் என்று பெயர். 1947இல் பெண்களில் முதலிடம் பிடித்த லிண்டா, 5 சதவீதத்துக்கும் மேல். இன்று அங்கே முதலிடத்தில் இருக்கும் பெயர்களே ஏறக்குறைய 1 சதவீதம்தான். பெயர்களின் வகை பெருகிவிட்டதால் ஒவ்வொரு பெயரின் பங்கும் சுருங்கிவிட்டது. 1970 முதல் 1984 வரை தொடர்ந்து 15 வருடம் ஜெனிபர்தான் முதலிடம். அந்தக் காலத்து வகுப்பறையில் ஜெனிபராக உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெயரைப் பங்குபோடுவது என்றால் என்னவென்று சொல்வார்கள். ஆலோசனைக்கு வருபவர்களிலும் உங்களுக்கு நேரெதிரான குறையோடு வருபவர்கள்தான் அதிகம். பள்ளியில் நாலு பேருக்கு அதே பெயர், என்னை 'உயரமானவள்' என்றே கூப்பிட்டார்கள், இன்றைக்கும் அது உறுத்துகிறது என்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. வேகமாக ஏறும் பெயர் வேகமாகவே இறங்கும். ஜோனா பெர்கர், கயேல் லு மென்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பிரான்ஸ், அமெரிக்கா இரண்டின் நூறு வருடப் பெயர்க் கணக்கை வைத்து 2009இல் இதைக் காட்டினார்கள். சடாரென்று பரவும் பெயரைப் பார்த்ததும், 'இது இந்தச் சில வருட மோகம்' என்று அடுத்துவரும் பெற்றோர் ஒதுங்கிவிடுகிறார்களாம். ஆகவே உங்கள் பெயர் இப்படியே ஏறிக்கொண்டு போகும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் இறங்கியபிறகு பழைய நிலைமை திரும்பாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பிறந்தவர்களோடு சேர்ந்து பெயருக்கும் வயதாகும். முப்பது வருடம் கழித்து, உங்கள் பெயரைக் கேட்பவர் முப்பது வயதுப் பெண்ணை எதிர்பார்ப்பார்; வந்து நிற்பது 73 வயது நீங்கள். பார்சல் பையன் செய்த குழப்பம் உங்களை ஆயுள் முழுக்க இளையவளாக்கிக்கொண்டே வரும். எனக்கென்னவோ இது அவ்வளவு மோசமான ஏற்பாடாகத் தெரியவில்லை.

பரவிய பெயரால் உண்மையிலேயே அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் 1991இல் ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர் கெவின். கொஞ்ச காலத்தில் அது கேலிக்குரிய பெயராகிவிட்டது. 2009இல் ஆசிரியர்களிடம் நடத்திய ஒரு ஆய்வில், 'கெவின் என்பது பெயரல்ல, நோயறிதல்' என்று ஒருவர் எழுதிக்கொடுத்த வரி நாடு முழுக்கப் பரவியது. மோகம் வருவதற்கு முன்பே கெவினாகப் பிறந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த அடி விழுந்தது. 1965இல் அமெரிக்காவில் பெண் குழந்தைகளின் பெயர்களில் மூன்றாமிடத்தில் இருந்தது கேரன். இன்று இணையத்தில் அது அடாவடியாகச் சண்டை போடும் பெண்ணைக் குறிக்கும் வசைச்சொல். அலெக்சா கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். 2014இல் அந்தப் பெயரில் குரல் கருவி வந்தது. 2015இல் அமெரிக்காவில் முதல் 50 பெண் பெயர்களுக்குள் இருந்த அலெக்சா, சில வருடங்களிலேயே முதல் 100ஐ விட்டு வெளியேறிவிட்டது. ஏற்கெனவே அலெக்சாவாக இருக்கும் பெண்கள், பார்க்கிறவர்களெல்லாம் 'அலெக்சா, பாட்டுப் போடு' என்பதைக் கேட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். உங்கள் பெயருக்கு நடந்ததெல்லாம், நிறைய பேர் அதை விரும்பிவிட்டார்கள் என்பது மட்டும்தான்.

அப்படியானால் உங்களுக்கு ஏன் வலிக்கிறது? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. பள்ளியில் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னது நீங்கள். எழுத்தைக் கூட்டிக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். அபூர்வமான பெயரின் தொல்லை முழுவதையும் இளமையில் அனுபவித்துத் தீர்த்துவிட்டு, அதன் பெருமையைக் கொஞ்ச காலம் ருசிப்பதற்குள் அது பொதுச் சொத்தாகிவிட்டது. இன்றைய குழந்தைகள் யாருக்கும் ஒருமுறைகூடத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. இதில் ஒரு அநியாயம் இருக்கத்தான் செய்கிறது. யார் மேலும் வழக்குப் போட முடியாத அநியாயம். அதை மனசுக்குள் ஒப்புக்கொள்ளுங்கள், 'இதுக்குப் போயா' என்று உங்களை நீங்களே அதட்டாதீர்கள்.

ஒரே பெயர்க்காரர்களைப் பார்த்து எரிச்சல் வராமல் குதூகலம் வந்த ஒருவரைப் பற்றியும் சொல்கிறேன். ஜப்பானில் ஹிரோகாசு தனகா என்பவர், 1994இல் தொழில்முறை பேஸ்பால் அணி ஒன்றுக்குத் தன் பெயரேயுள்ள இளைஞர் தேர்வானதைச் செய்தியில் கண்டு அதிர்ந்துபோனார். அப்புறம் அந்தப் பெயருள்ளவர்களைத் தேடித் தேடிச் சந்திக்க ஆரம்பித்தார். 2022 அக்டோபரில் 178 ஹிரோகாசு தனகாக்கள் டோக்கியோவில் ஒன்றுகூடி, அப்போதைய கின்னஸ் சாதனையை முறியடித்தார்கள். ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவது? ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். நீங்களும் கூட்டம் சேருங்கள் என்று சொல்ல வரவில்லை. உங்கள் சுபாவத்துக்கு அது ஒத்துவராது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. பெயர் ஒன்றாக இருந்தும் அங்கே யாரும் யாரோடும் குழம்பிப்போகவில்லை, அதற்காகச் சொன்னேன்.

இனி தம்பி வீட்டு விஷயம். வெளியில் ஆயிரம் பேருக்கு உங்கள் பெயர் இருப்பதும், ஒரே குடும்பத்தில் இருவருக்கு இருப்பதும் ஒன்றல்ல. குடும்பத்துக்குள் பெயர்தான் அன்றாடம் புழங்கும் அடையாளம். அங்கே இரண்டு பேருக்கு ஒரே பெயர் என்றால், யாராவது ஒருவருக்கு முன்னொட்டு சேரும். குழந்தை வீட்டின் செல்லமாக இருக்கும் என்பதால், சேரப்போவது பெரும்பாலும் உங்களுக்குத்தான். 'பெரிய' பற்றிய உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அது இல்லை என்று நினைக்கிறேன். தம்பி மனைவி சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். 'உங்களுக்காக எல்லாம் இல்ல.' உங்கள் நினைவாக வைக்கிறோம் என்று சொல்லியிருந்தால் கூச்சத்தோடு சிரித்திருப்பீர்கள். அவர்களுக்குப் பெயர் பிடித்திருக்கிறது, அதில் நீங்கள் இல்லை. 43 வருடம் அந்தப் பெயராகவே அந்த வீட்டில் வாழ்ந்த ஒருவருக்கு இது வலிக்காமல் என்ன செய்யும்?

அவள் எந்த நோக்கத்தில் சொல்லியிருப்பாள் என்றும் யோசியுங்கள். பலர் இப்படிச் சொல்வது, எதிரில் இருப்பவருக்குக் கடன்பட்டதுபோல் ஆகிவிடுமோ என்ற தயக்கத்தில். நாளைக்கு 'அண்ணி பேரைத்தான் வெச்சாங்க' என்று அவளுடைய பிறந்த வீட்டில் கேள்வி வரக் கூடாது என்றும் நினைத்திருக்கலாம். உங்களைக் குத்துவதற்காகவே சொன்னாள் என்பதற்கு, நீங்கள் எழுதியிருப்பதில் அடையாளம் எதுவும் இல்லை.

பேசுங்கள். முதலில் தம்பியிடம், அவன் தனியாக இருக்கும்போது. அம்மா வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். அவர் வாயில் அது 'அக்காவுக்குப் பொறாமை' என்று உருமாறித்தான் போய்ச் சேரும். வைக்கக் கூடாது என்று தடை போடாதீர்கள். அந்த உரிமை உங்களுக்குக் கிடையாது. போட்டால் பெயர் விட்டுப்போகாது, உறவுதான் விட்டுப்போகும். 'பேரு உங்க பொண்ணோடது, முடிவு உங்களோடது. ஆனா எனக்காக இல்லன்னு அவ சொன்னது வலிச்சுதுடா. எனக்கும் அந்தப் பேரு ரொம்பப் பெரிசு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.' இவ்வளவு போதும். பேஸ்பால் கதை, பிரான்ஸ் கணக்கு எதையும் இழுக்க வேண்டாம். அவன் பதில் சொல்ல இடம் விடுங்கள். உடனே பதில் வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள். மனைவியிடம் அவனே பேசட்டும்.

இரண்டில் ஒன்று நடக்கும். வேறு பெயர் தேடுகிறோம் என்பார்கள். அப்படிச் சொன்னால், 'ஐயோ, எனக்காகவா? வேண்டாமே' என்று உபசாரத்துக்கு மறுக்காதீர்கள், நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது இதே பெயர்தான் என்பார்கள். அப்படியானால் அந்தக் கணத்தோடு எதிர்ப்பை நிறுத்திவிட வேண்டும். குழந்தை பிறந்தபிறகு அதன் பெயரைப் பற்றி உங்கள் வாயிலிருந்து ஒரு குறைகூட வரக் கூடாது, கேலியாகக்கூட. இது கண்டிப்பு. அந்தப் பெண்ணுக்கு அது சொந்தப் பெயர். உங்களுக்கு இருக்கும் அதே பாசம் அவளுக்கும் அதன் மேல் வரும். அத்தை பெயரைத் திருடிக்கொண்டு பிறந்தவள் என்ற எண்ணம் அவளுக்கு வந்துவிடக் கூடாது.

அதே பெயர் என்று உறுதியானால், கூப்பிடும் முறையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு வீட்டில் ஒரு செல்லப்பெயர் எப்படியும் வரப்போகிறது. அதை முதல் நாளிலிருந்தே எல்லாரும் பயன்படுத்தினால் உங்கள் பெயருக்கு எந்த முன்னொட்டும் தேவைப்படாது. அந்தச் செல்லப்பெயரை நீங்களே தேர்ந்தெடுத்துத் தரட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஆவணங்களிலும் கவனம் வேண்டும். மருத்துவமனையிலோ வங்கியிலோ உங்கள் பெயரோடு பிறந்த தேதியையும் சேர்த்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வெளியாட்களின் பெயரோடு குழம்பாமல் இருக்கவும் இப்போதே அது உதவும். மின்னஞ்சல் முகவரியில் பெயரை மட்டும் வைத்திருந்தால், யார் யாருக்கோ போக வேண்டியதெல்லாம் உங்களுக்கு வர ஆரம்பிக்கும். கூடவே எதையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயரை மாற்றிக்கொள்ளும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். மாற்றவே கூடாது என்பதில்லை. தூக்கமில்லாத மனநிலையில் எடுக்கும் முடிவு இது அல்ல. சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, சொத்துப் பத்திரம் என்று ஒவ்வொன்றாக மாற்றி முடிக்கும்போது தம்பி மகள் நடக்கத் தொடங்கியிருப்பாள், உங்கள் கோபமும் ஆறியிருக்கும். அதற்குப் பிறகும் மாற்றத் தோன்றினால் மறுபடி எழுதுங்கள், அதைத் தனியாகப் பார்க்கலாம்.

தம்பியிடம் பேசுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஏழாம் மாதத்தில் பெயர்ப் பேச்சு இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கும். சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டார்கள் என்றால், அவர்களே விரும்பினாலும் பின்வாங்குவது சங்கடம். இந்த வாரக் கடைசிக்குள் பேசிவிடுங்கள்.